பதினொன்றாம் தேதியும் இருபதாம் தேதியும்

வணக்கம் ஐயா,

எனக்கு 24 வயது. சேலம் அயோத்தியாப்பட்டணம். பி.காம். முடித்துவிட்டு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். டாலி (கணக்கு மென்பொருள்), பில், ஜிஎஸ்டி எல்லாம் என் பொறுப்புதான். காலை 10 மணிக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரை ஆகும். வண்டியில் வீடு வந்து சேர ஒன்பது தாண்டிவிடும். ஞாயிறு மட்டும் லீவு. சம்பளம் 17,000, அதில் 7,000 வீட்டுக்கு.

பொங்கல் முடிந்ததும் ஒரு நோட்டுப் போட்டேன். காலை 5 மணிக்கு எழுவது, காந்தி ஸ்டேடியம் போய் ஓடுவது, டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிப்பது, ஸ்போக்கன் இங்கிலீஷ், ஜிம், ரீல்ஸை விடுவது, மாதம் 2,000 சேமிப்பது, கிரெடிட் கார்டு கடனை அடைப்பது, தினமும் டைரி எழுதுவது. மொத்தம் ஒன்பது. இன்ஸ்டாவில் 'டே 1' என்று போட ஆரம்பித்தேன். இதுவரை நான்கு 'டே 1' ஆகிவிட்டது. பசங்க கிண்டல் செய்கிறார்கள்.

இப்போதைய நிலவரம்: 5 மணிக்கு எழுந்தால் மதியம் கடையில் கண் சொருகுகிறது. இரவு பன்னிரண்டரை வரை தூக்கம் வருவதில்லை. ஓட ஆரம்பித்த இரண்டாம் வாரமே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி. யூடியூபில் குரூப் 4 பாடம் நிறையப் பார்த்துவிட்டேன், மாதிரித் தேர்வு எழுதினால் ஒன்றும் நிற்கவில்லை. ஜிம்முக்கு ஒரு வருஷத்துக்கு 8,000 கட்டினேன், போவதில்லை. பேங்கில் ஆர்டி (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) 12,000 சேர்ந்திருக்கிறது. கார்டு பாக்கி (போன் வாங்கியது, அக்கா கல்யாணச் செலவு கொஞ்சம்) ஜனவரியில் 32,000 இருந்தது. மினிமம் தவறாமல் கட்டுகிறேன், ஆனால் இப்போது 38,000 ஆகியிருக்குங்க. பெட்ரோலுக்கு மட்டும் அதே கார்டு, மாதம் 1,500 வரும்.

நோட்டின் நான்கு பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். டிக் போட்டது செய்த நாள், குறுக்குக்கோடு விட்ட நாள். எனக்கு ஒழுக்கமே இல்லையா, இல்லை முறை தப்பா? இன்னொன்று: கடைப் பசங்க டிசம்பரில் ஏற்காட்டுக்கு சைக்கிளில் ஏறலாம் என்கிறார்கள். 21 கியர் சைக்கிள் ஒன்று இரவல் கிடைக்கும். நானும் போகலாமா?

பெயர் வேண்டாம் ஐயா.

க.,
சேலம்

*

அன்புள்ள க.,

கடிதத்தைவிட நோட்டுப் பக்கங்கள் அதிகம் சொல்கின்றன. நான்கு மாதத்திலும் குறுக்குக்கோடுகள் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன. மார்ச்சில் 9, 10, 11; பிறகு 18, 19, 20. ஏப்ரலில் 10, 11, 18, 20. மே, ஜூனிலும் அப்படியே. விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யக் கடைசி நாள் 11. வரியைக் கட்டி முடிக்கும் 3பி-க்குக் கடைசி நாள் 20. நடுவில் 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வந்துவிடும். அதைக் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு, ஏறாத பில்லுக்காக சப்ளையருக்குப் போன் மேல் போன் போட்டு, கடைசி நாள் சாயங்காலம் போர்ட்டல் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்கள் வேலை. ஒழுக்கம் இல்லாதவன் நோட்டில் குறுக்குக்கோடு மாதம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். உங்களுடையது வரித் தேதியைச் சுற்றித்தான் விழுந்திருக்கிறது.

ஆனால் அதே பக்கங்களில் இன்னொன்றும் இருக்கிறது. 21-ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசிவரை டிக்கும் இல்லை, குறுக்குக்கோடும் இல்லை, வெறும் கட்டம். அந்த நாள்களில் கடையில் நெருக்கடி ஒன்றும் கிடையாது. தொடர்ச்சி விட்டுப்போச்சு, ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறீர்கள். கடை எடுத்துக்கொண்டது மாதம் நாலிலிருந்து ஆறு நாள். நீங்களாகத் தூக்கிக் கொடுத்தது பத்து நாள். 'டே 1' என்று எண்ணத் தொடங்கினாலே இந்தக் கோளாறு வரும். எண்ணிக்கை அறுந்ததும் அதுவரை செய்ததெல்லாம் வீண் என்று தோன்றிவிடும்.

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தன்னால் நடக்கும் நிலைக்கு வர ஆனது 18 நாளிலிருந்து 254 நாள்வரை. நடு அளவு 66. காலையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி நாளெடுத்தது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது முடிவைப் பெரிதாக மாற்றவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய பகுதி அந்தக் கடைசி வரிதான்.

ஆகவே நாளை இரண்டு வகையாகப் பிரியுங்கள். 8 முதல் 11 வரை, 17 முதல் 20 வரை, இந்த எட்டும் கணக்கு நாள். மற்றதெல்லாம் சாதா நாள். கணக்கு நாளுக்கு மூன்றே வேலை: இரவு பதினொன்றுக்குள் படுப்பது, பத்து நிமிடம் நடப்பது, பழைய வினாத்தாளிலிருந்து பத்துக் கேள்வி. நடை, கடையிலிருந்து டீக்கடைவரை போய் வருவதாகவே இருக்கட்டும். இந்த மூன்றும் நடந்தால் அன்றைக்கு முழு டிக். அரை டிக், கால் டிக் என்றெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு நாளில் இதற்கு மேல் செய்யத் தோன்றினாலும் செய்ய வேண்டாம். ஒரு தடவை 19-ஆம் தேதி இரவு வீராப்பாக ஒரு மணி நேரம் படித்துவிட்டால், அடுத்த மாதம் அதே 19-இல் படிக்காதது தோல்வியாகத் தெரியும்.

மாதத்துக்குள் இருப்பது போலவே வருஷத்துக்குள்ளும் ஏற்ற இறக்கம் உண்டு. தீபாவளிக்கு முன்பும், தை பிறந்து கல்யாணம் தொடங்கும்போதும் கொலுசு வியாபாரம் சூடு பிடிக்கும். ஆடியும் மார்கழியும் பொதுவாக மந்தம். ஆனால் வெளிமாநில ஆர்டர் அதிகமுள்ள கடைக்கு இந்தக் கணக்கு மாறும். ஊகிக்க வேண்டியதில்லை. டாலியில் சேல்ஸ் ரெஜிஸ்டரைத் திறந்தால் மாதவாரித் தொகை வரிசையாக நிற்கும். இரண்டு வருஷத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விற்பனை குறைந்த மூன்று மாதங்கள்தான் முழு நீள மாதிரித் தேர்வு எழுத உகந்தவை. அதிகமான மூன்று மாதங்களில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். பொங்கல் முடிந்த கையோடு ஒன்பதையும் சேர்த்துத் தொடங்கியிருக்கிறீர்கள். கல்யாண சீசன் தொடங்கும் நேரம் அது.

ஒன்பதில் ஐந்தை இப்போதைக்கு எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. மிஞ்சுபவை தூக்கம், ஓட்டம், கார்டு, படிப்பு. இந்த நான்கிலும் தூக்கம்தான் முதல். மற்ற மூன்றும் அதன் முதுகில்தான் ஏற வேண்டும்.

பன்னிரண்டரைக்குத் தூங்கி 5 மணிக்கு எழுவது நாலரை மணி நேரம். உங்கள் வயதுக்குக் குறைந்தது ஏழு வேண்டும். மதியம் கண் சொருகுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 5 மணி என்ற இலக்கைக் கைவிடுங்கள். 10 மணிக்குக் கடை திறக்கும் ஊரில், ஒன்பது மணிக்கு மேல் வீடு வருபவருக்கு அது பொருந்தாத நேரம். 6 மணி போதும். ஞாயிற்றுக்கிழமையும் அதே 6 மணி. அதிகம் போனால் 7. ஞாயிறு 9 மணிவரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் தள்ளிப்போகும், திங்கள் காலை மறுபடி சண்டை. படுக்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்தி முன்னே இழுக்க முடியாது. எழும் நேரத்தைப் பிடித்துக்கொண்டால் படுக்கும் நேரம் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக முன்னே வரும். அந்த இரண்டு வாரமும் மதியம் கொஞ்சம் அசத்தும். சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் கண்ணை மூடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பன்னிரண்டரை வரை தூக்கம் வராததற்கு இரண்டு காரணம் தேடிப் பாருங்கள். ஒன்று, கடை மூடும் முன் ஏழரை மணிக்கு வரும் டீ. டீ, காபியில் உள்ள கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்தாறு மணி நேரமாகும். ஏழரைக்குக் குடித்ததில் பாதி, நள்ளிரவு தாண்டியும் உள்ளே இருக்கும். கடைசி டீயை நாலு மணிக்கு நிறுத்துங்கள். ஏழரைக்கு மற்றவர்களோடு சும்மா நிற்பது கஷ்டமாக இருந்தால் சுக்குமல்லி சொல்லலாம். இரண்டாவது, போன். தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு பார்க்காமல் இருப்பதற்குப் பெரிய மனவலிமை வேண்டும். சார்ஜரைக் கூடத்துக்கு மாற்ற அது வேண்டாம். ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். போன்தான் அலாரம் என்கிறவரை அது படுக்கையை விட்டுப் போகாது. ரீல்ஸை விடுவது என்று உங்கள் பட்டியலில் தனியாக ஒன்று இருந்ததே, அது இதிலேயே முக்கால்வாசி தீர்ந்துவிடும். மாடி அறையில் படுப்பவர் என்றால் பங்குனி, சித்திரையில் மட்டும் கீழே வந்துவிடுங்கள். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் நள்ளிரவுவரை சூட்டை விட்டுக்கொண்டிருக்கும்.

ஓட்டம். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து காந்தி ஸ்டேடியம் போய் வரவே முக்கால் மணி நேரம் வண்டியில் போகும், பெட்ரோலும் சேர்த்து. இருபது நிமிட ஓட்டத்துக்கு இது என்ன கணக்கு? ஊரிலேயே மண்தரையாக ஓர் இடம் பாருங்கள். பள்ளி மைதானமோ ஏரிக்கரையோ, எதுவானாலும் வீட்டிலிருந்து நடந்து ஐந்து நிமிடத்துக்குள். எலும்பு வலி வந்ததற்கான காரணம் உங்கள் நோட்டிலேயே இருக்கிறது: முதல் நாளே 3 கிலோமீட்டர், அதுவும் வாரம் ஆறு நாள். மூச்சும் தசையும் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டுகிறவர்களுக்குத்தான் இந்த வலி வரும்.

வலி முன்னெலும்பின் உள்பக்க ஓரமாக நீளவாக்கில் பரவி இருந்தால் இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடை மட்டும். ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் துள்ளும்படியாகவோ, நடக்கும்போதும் இரவிலும் வலிக்கும்படியாகவோ இருந்தால் எலும்பில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் ஓடக்கூடாது. வலி நின்ற பிறகு இப்படி: ஐந்து நிமிடம் நடை, பிறகு ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இந்த ஜோடியை எட்டு முறை செய்தால் இருபது நிமிடம். முடிவில் ஐந்து நிமிடம் நடை. வாரம் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓட்டத்தில் அரை நிமிடம் கூட்டலாம். ஷூ சாயங்காலம் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும். தட்டையான கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு தார்ச்சாலையில் ஓட வேண்டாம்.

இனி கார்டு. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய பகுதி இதுதான். கணக்குப் பிள்ளை தன் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஸ்டேட்மென்டைப் புரட்டி வட்டி விகிதத்தைப் பாருங்கள். பல கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீத அளவில் இருக்கும். 38,000-க்கு மூன்றரை என்றால் 1,330. அந்த வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 239. ஆக ஒரு மாதம் 1,569. மினிமம் என்று நீங்கள் கட்டுவது 5 சதவீதம், 1,900. அசலில் குறைவது 331 ரூபாய்தான். அதே மாதம் பெட்ரோலுக்கு 1,500 தேய்க்கிறீர்கள். பழைய பாக்கியை முழுதாகக் கட்டாதவரை, புதிதாகத் தேய்ப்பதற்கு அந்த நாற்பது ஐம்பது நாள் வட்டியில்லாச் சலுகை கிடையாது. பங்க்கில் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். 331 குறைந்து 1,500 ஏறினால் மாதம் 1,169 கூடும். 32,000 எப்படி 38,000 ஆனது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொரு பக்கம் ஆர்டியில் 12,000. அதற்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் மாதம் 70 ரூபாய் வரும். 70 ரூபாய் வாங்கிக்கொண்டு 1,569 கொடுப்பதைச் சேமிப்பு என்று நோட்டில் டிக் அடித்திருக்கிறீர்கள். பேங்க் ஆர்டியை முன்கூட்டியே முடித்தால் வட்டியில் கொஞ்சம் பிடிப்பார்கள், அசல் வந்துவிடும். முடித்து 12,000-ஐயும் கார்டில் போடுங்கள். அஞ்சலக ஆர்டியாக இருந்தால் மூன்று வருஷம் ஆகாமல் எடுக்க முடியாது. நல்ல வேளை, உங்களுடையது பேங்கில்.

பாக்கி 26,000. இனி கார்டைத் தேய்க்கக் கூடாது. வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள், போனில் உள்ள ஆப்புகளிலிருந்தும் அந்தக் கார்டு எண்ணை நீக்குங்கள். வீட்டுக்குக் கொடுத்ததுபோக உங்கள் கையில் 10,000. இதுவரை ஆர்டிக்கும் மினிமத்துக்கும் போனது 3,900. இன்னும் 600 சேர்த்து மாதம் 4,500 கார்டுக்கு. பெட்ரோல் 1,500 கைக்காசு. மீதி 4,000, அதாவது வாரம் ஆயிரம். ஸ்டேடியம் போகாததால் பெட்ரோலில் கொஞ்சம் மிச்சமாகும். சாயங்காலத் தட்டுவடை செட்டைக்கூட விட வேண்டியதில்லை. இப்படிக் கட்டினால் ஏழாவது மாதம் கடன் முடியும். அதற்குள் வட்டிக்கும் வரிக்குமாகச் சுமார் 4,300 போயிருக்கும்.

அதையும் குறைக்கலாம். வங்கிக்குப் போன் செய்து பாக்கியை மாதத் தவணையாக மாற்றக் கேளுங்கள். மாற்றும் முன் மூன்று எண் வேண்டும்: ஆண்டு வட்டி, செயலாக்கக் கட்டணம், முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு. ஏழு மாதத்தில் முடியும் கடனுக்கு, மூன்றையும் கூட்டிய செலவு 4,300-ஐவிடத் தெளிவாகக் குறைந்தால் மட்டும் மாறுங்கள். "மாதம் வெறும் 1,200-தான் சார்" என்று இரண்டு வருஷத் தவணையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஆறு அல்லது ஒன்பது மாதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாறவில்லை என்றால், கட்டக் கடைசி நாள் வரும்வரை காத்திருக்காமல் சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுங்கள். வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. இந்தக் கடன் தீரும்வரை நோட்டில் சேமிப்பு என்ற தலைப்பே வேண்டாம். தீர்ந்த பிறகு அதே 4,500-இல் மூன்று மாதச் செலவுக்கான தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போனும் கல்யாணமும் மறுபடி வரும்.

குரூப் 4-க்கு உங்களிடம் ஏற்கெனவே பாதிச் சரக்கு இருக்கிறது, நீங்கள் மறுபாதியைத் துரத்திக்கொண்டிருக்கிறீர்கள். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். நீங்கள் யூடியூபில் பார்த்ததெல்லாம் நடப்பு நிகழ்வும் அரசியலமைப்பும். தமிழுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை பள்ளிப் புத்தகம், நூல்வெளி (நூல், ஆசிரியர் பற்றிய குறிப்பு), பாட முடிவில் வரும் இலக்கணப் பயிற்சி உட்பட வரி விடாமல். திறனறிவில் சதவீதம், தனிவட்டி, கூட்டுவட்டி, விகிதம், மீ.சி.ம., மீ.பெ.வ., காலமும் வேலையும், பரப்பளவு, கன அளவு. பி.காம். படித்தவருக்கு இந்த 25-இல் 22 எடுப்பது ஆறு ஞாயிற்றுக்கிழமை வேலை.

மண்டையில் நிற்காததற்குக் காரணம், பார்ப்பதும் படிப்பதும் மட்டுமே நடந்திருக்கிறது, எடுத்துச் சொல்வது நடக்கவில்லை. காலை 6:15 முதல் 7:05 வரை ஐம்பது நிமிடம் (ஓடும் நாளில் இருபது நிமிடம் போதும்): முப்பது நிமிடம் ஒரு பாடம், புத்தகத்தை மூடிவிட்டுப் பத்துக் கேள்வியை நீங்களே எழுதுங்கள், பிறகு விடையையும் எழுதிச் சரிபாருங்கள். தப்பானவை மட்டும் ஒரு தனி நோட்டில். அந்த நோட்டுத்தான் கணக்கு நாள்களில் கடைக்குக் கொண்டுபோக வேண்டியது. பழைய வினாத்தாள்கள் டிஎன்பிஎஸ்சி இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. காசு கொடுத்து பிடிஎஃப் வாங்காதீர்கள். மாதிரித் தேர்வை ஓஎம்ஆர் தாளில், கறுப்பு பால்பாயிண்ட் பேனாவில் நிரப்பி எழுதுங்கள். ஒரு கேள்விக்கு 54 நொடிதான். வட்டம் நிரப்ப ஐந்து நொடி என்றால் 200-க்குப் பதினேழு நிமிடம் அதிலேயே போகும். வீட்டில் வெறும் விடை எழுதிப் பழகியவர்கள் தேர்வறையில் கடைசி இருபது கேள்வியைக் கோட்டைவிடுவது இதனால்தான். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எந்தக் கேள்வியையும் காலியாக விட வேண்டாம்.

ஜிம்முக்குக் கட்டிய 8,000 போனது போனதுதான். அதை வீணாக்கக் கூடாது என்று போகத் தொடங்கினால் ஓட்டமோ தூக்கமோ போகும். ஞாயிறு விருப்பமிருந்தால் போங்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் குரூப் 4 முடிந்த பிறகு. டைரிக்குப் பதில் நோட்டில் நாளுக்கு ஒரு வரி: படுத்த நேரம், எழுந்த நேரம், கடைசி டீ எத்தனை மணிக்கு. "இன்று சூப்பர் நாள்" என்று நீங்கள் மார்ச்சில் எழுதிய வரிகளிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, தேதிகளிலிருந்துதான் முடிந்தது. இன்ஸ்டாவில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம், எண் மட்டும் போடாதீர்கள்.

ஏற்காடு போகலாம், தேதி பார்த்து. டிசம்பர் கடைசி வாரம் சுற்றுலா வண்டி நெரியும். முதல் ஞாயிறு நல்லது. மழையோ மூடுபனியோ அதிகமென்றால் தள்ளிப் போடுங்கள். அயோத்தியாப்பட்டணத்துக்காரர் என்பதால் குப்பனூர் வழி கிட்டம் என்று தோன்றும். முதல் தடவைக்கு வேண்டாம். வழியில் உதவிக்கு ஆளும் கடையும் குறைவு. அடிவாரம் வழியே போங்கள். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறக்குறைய 20 கிலோமீட்டர், உயரத்தில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம். புதியவருக்கு மணிக்கு ஆறேழு கிலோமீட்டர்தான் வரும். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் இரண்டு மணி நேரம் இறங்காமல் மிதிக்க முடியாதவர் கிளம்பக் கூடாது. அதற்கு முன் ஒரு ஞாயிறு பத்தாவது வளைவுவரை ஏறித் திரும்பிப் பாருங்கள்.

ஏறும்போது முன்பல்சக்கரத்தில் சின்னது, பின்னால் பெரியது. வளைவுக்குள் போய்க் கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும். பத்து மீட்டர் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். வளைவின் உள்பக்க விளிம்பில்தான் ஏற்றம் செங்குத்து. மூக்கால் மூச்சு விட முடிகிற வேகத்தில் தொடங்குங்கள், முதல் மூன்று வளைவில் முந்திப் போகிறவர்களைப் பத்தாவது வளைவில் உட்கார்ந்திருக்கப் பார்ப்பீர்கள். முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டு, ஒன்றில் உப்பும் சர்க்கரையும் கரைத்தது. தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், குரங்கு விடாது.

ஆபத்து இறக்கத்தில்தான். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும், அல்லது ரப்பர் வழுக்கும். நேர்ச்சாலையில் விட்டுவிட்டு, வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் கொல்லுங்கள்; வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ஏழாவது, பதினான்காவது வளைவுகளை ஒட்டி நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாவிட்டால் ஆறும்வரை காத்திருங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை முறை. பஸ் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அதன் பின்சக்கரத்துக்கும் தடுப்புச்சுவருக்கும் நடுவே நுழையாதீர்கள். இரவல் சைக்கிள் என்பதால் பிரேக் ரப்பரில் உள்ள பள்ளங்கள் தேய்ந்து மறைந்துவிட்டனவா என்று பாருங்கள். மறைந்திருந்தால் நான்கையும் மாற்றுங்கள். போவதற்கு முந்தைய நாள் வேண்டாம், ஒரு வாரம் முன்பே மாற்றி ஊருக்குள் ஓட்டினால்தான் ரிம்மோடு படியும்.

அன்புடன்